போரில் தோற்றவர்களின் வாரிசுகளுக்கு ஸ்பெயின் சட்டம் என்ன தருகிறது?

தாத்தாவைச் சுட்டுப் புதைத்த இடம் எது என்று தெரியாத குடும்பங்கள் ஸ்பெயினில் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1936 ஜூலையில் ராணுவத்தின் ஒரு பகுதி குடியரசுக்கு எதிராகக் கிளம்பியது; உள்நாட்டுப் போர் மூண்டது. 1939 ஏப்ரல் 1-இல் போர் முடிந்ததாக, வென்ற கிளர்ச்சிப் படையின் தலைவர் ஜெனரல் பிராங்கோ அறிவித்தார். ஆனால் சிறை, மரண தண்டனை, சொத்துப் பறிப்பு, வேலை நீக்கம் எல்லாம் அதற்குப் பிறகும் தொடர்ந்தன. சர்வாதிகாரியாக ஆண்ட பிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். 1977-இல் வந்த பொது மன்னிப்புச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது; கூடவே அவர்களைத் துன்புறுத்திய அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காப்பாற்றியது.

இந்தக் குடும்பங்களுக்கு இன்று உள்ள முக்கியமான பிடிமானம் 'ஜனநாயக நினைவுச் சட்டம்'. சட்ட எண் 20/2022. 2022 அக்டோபர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2007-இல் வந்த பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது இது.

யாரெல்லாம் இதில் வருகிறார்கள்? 1936 ஜூலை 18 முதல் 1978 அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த நாள் வரை கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், சிறையிலோ கட்டாய வேலையிலோ வதைபட்டவர்கள், நாட்டைவிட்டு ஓடியவர்கள் என்று பட்டியல் நீளம். கத்தலான், பாஸ்க், கலீசிய மொழிகளைப் பேசியதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ, அவருடைய கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உரிமை கோரலாம். கூடப்பிறந்தவரின் பேரப்பிள்ளை வரைகூட உறவு ஏற்கப்படும். இது முக்கியம், ஏனென்றால் சுடப்பட்டவர்களில் பலர் கல்யாணமே ஆகாத இளைஞர்கள். அவர்களைத் தேடி வருவது பெரும்பாலும் அண்ணன் தம்பி வழிப் பேத்திகள்தான்.

முதலில் புதைகுழிகள். 2000-ஆம் ஆண்டு லெயோன் மாகாணத்தின் பிரியரான்சா தெல் பியெர்சோ கிராமத்தில், சாலையோரக் குழியிலிருந்து 13 பேரின் எலும்புகளைக் குடும்பத்தாரும் தன்னார்வலர்களுமே தோண்டி எடுத்தார்கள். அரசு பக்கத்தில்கூட இல்லை. அங்கிருந்துதான் இந்த இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. 2008-இல் நீதிபதி பல்தசார் கார்சோன் காணாமல் போனோர் எண்ணிக்கையை 1,14,226 என்று குறிப்பிட்டு விசாரணையைத் தொடங்கினார். தொடங்கியதற்காக அவர் மேலேயே வழக்கு வந்தது! 2012-இல் விடுதலையானார்.

2007 சட்டப்படி தேடுவது குடும்பத்தின் வேலையாக இருந்தது. அரசு உதவித்தொகை மட்டும் கொடுத்தது. மரியானோ ரஹோய் பிரதமராக இருந்தபோது பட்ஜெட்டில் அதற்கும் ஒரு யூரோகூட ஒதுக்காமல் விட்டுவிட்டார்கள். சட்டம் இருந்தும் பணம் இல்லை. 2022 சட்டம் இங்கேதான் மாறுகிறது: தேடும் பொறுப்பு அரசுடையது என்று நேராகவே சொல்கிறது. தனியார் நிலத்தில் குழி இருந்தால் அந்த இடத்தைத் தற்காலிகமாகக் கையிலெடுக்கவும் வழி வைத்திருக்கிறது. அடையாளம் காண அரசு டி.என்.ஏ. வங்கி உண்டு, மாதிரி கொடுப்பது இலவசம், கட்டாயம் இல்லை. பெற்றவர்களிடமிருந்து பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட குழந்தைகளின் விவகாரத்திலும் இந்த வங்கி பயன்படும். என்னைக் கேட்டால், வேறு எந்த மனுவையும் போடுவதற்கு முன் வீட்டில் உயிரோடு இருக்கும் மிக வயதானவரின் மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும். தலைமுறை தள்ளத் தள்ளப் பொருத்திப் பார்ப்பது கடினமாகிவிடும்.

நடைமுறையில் தோண்டும் வேலை பெரும்பாலும் மாநில அரசுகள் கையில் இருக்கிறது. அதனால் குழி எந்த மாநிலத்தில் இருக்கிறது, அங்கே எந்தக் கட்சி ஆள்கிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். அரகோன் 2024-இல் தன் மாநில நினைவுச் சட்டத்தையே ரத்து செய்தது. மத்திய அரசு அதை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் போனது. பக்கத்திலுள்ள கத்தலோனியாவிலோ 2009 முதலே புதைகுழிகளுக்கென்று தனிச் சட்டம் உண்டு. காணாமல் போனவர்களின் பதிவேடும், 2016 முதல் மரபணு அடையாளத் திட்டமும் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் சிக்கலான இடம் மத்ரித் அருகே உள்ள குவெல்காமூரோஸ் பள்ளத்தாக்கு. பிராங்கோ கட்டிய பிரம்மாண்ட நினைவிடம். அங்கே 33,000-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் உள்ளன. குடியரசுப் பக்கத்தவர் பலரைக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஊர்க் குழிகளிலிருந்து தோண்டிக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். பிராங்கோவின் உடலை 2019 அக்டோபர் 24-இல் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மற்றவர்களைக் குடும்பத்தின் கோரிக்கைப்படி தேடி எடுக்கும் வேலை 2023-இல் தொடங்கியது.

அடுத்தது தீர்ப்புகள். பிராங்கோ கால ராணுவ நீதிமன்றங்களும் அரசியல் வழக்கு நீதிமன்றங்களும் கொடுத்த தண்டனைகள் செல்லாது என்கிறது 2022 சட்டம். குடும்பம் விண்ணப்பித்தால் 'அங்கீகாரமும் பரிகாரமும்' என்ற அரசு அறிவிப்பு கிடைக்கும். கத்தலோனியா இதை 2017-லேயே செய்துவிட்டது. 11/2017 சட்டப்படி, அங்கே 1938 ஏப்ரல் முதல் 1978 டிசம்பர் வரை நடந்த அரசியல் வழக்குகள் செல்லாதவை. 1940 அக்டோபர் 15-இல் மோன்ஜூயிக் கோட்டையில் சுடப்பட்ட கத்தலோனியத் தலைவர் லூயிஸ் கொம்பானிஸின் தண்டனையும் இதில் அடங்கும். கத்தலோனியத் தேசிய ஆவணக் காப்பகம் 60,000-க்கும் அதிகமான பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டிருக்கிறது. பெயர் இருந்தால் வாரிசு சான்றிதழ் கேட்கலாம். தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆட்சியில் கத்தலான் பெயரைப் பதிவு செய்ய விடவில்லை. வீட்டில் ஜோர்தி என்று கூப்பிட்டவர் காகிதத்தில் ஹோர்ஹே ஆகியிருப்பார். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

சரி, பணம்? இங்கேதான் குடும்பங்களுக்குக் கோபம். 1939 பிப்ரவரியில் பிராங்கோ போட்ட 'அரசியல் பொறுப்பு'ச் சட்டம் 1934 வரை பின்னோக்கிப் பாய்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஏற்கெனவே இறந்திருந்தாலும் அபராதத்தை வாரிசுகள் தலையில் கட்டியது. அப்படி வீடும் நிலமும் போனவர்கள் ஏராளம். 2022 சட்டம் தீர்ப்பை ரத்து செய்கிறது, ஆனால் அந்த ரத்தைக் காட்டி அரசிடமிருந்து எந்த இழப்பீடும் கேட்க முடியாது என்று அதே மூச்சில் சொல்லிவிடுகிறது. பறிக்கப்பட்ட சொத்துகளைக் கணக்கெடுக்க மட்டும் உத்தரவிடுகிறது. அரசியல் கட்சிகள் தங்கள் சொத்துகளைத் திரும்பப் பெற 1998-லேயே தனிச் சட்டம் போட்டுக்கொண்டன. சாதாரணக் குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இதுவரை இல்லை. விதவைப் பென்ஷனிலும் இதே கதைதான். பிராங்கோ பக்கம் நின்று இறந்தவர்களின் மனைவிகளுக்கு அந்தக் காலத்திலேயே கிடைத்தது. குடியரசுப் பக்கத்து மனைவிகளுக்கான சட்டம் வந்தது 1979-இல்.

கடைசியாகக் குடியுரிமை. 'பேரர்கள் சட்டம்' என்று லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது இந்தப் பகுதிதான். 1939 தொடக்கத்தில் சுமார் ஐந்து லட்சம் பேர் எல்லை தாண்டி பிரான்சுக்குப் போனார்கள். அங்கிருந்து பலர் மெக்சிகோவுக்கும் வேறு நாடுகளுக்கும் சிதறினார்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறப்பால் ஸ்பானியராக இருந்து, வெளிநாட்டில் பிறந்தவர்கள், ஸ்பெயினில் வசிக்காமலே குடியுரிமை கேட்கலாம் என்றது சட்டம். 1936 ஜூலை 18 முதல் 1955 முடிவுக்குள் ஸ்பெயினைவிட்டு வெளியேறியவரை அகதி என்றே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பின் போனவருக்குக் காரணத்தைக் காட்டும் ஆதாரம் வேண்டியிருந்தது. வெளிநாட்டவரை மணந்ததால் குடியுரிமை இழந்த பெண்களின் பிள்ளைகளும் இதில் சேர்க்கப்பட்டார்கள். அப்படி ஒரு சட்டமும் அன்று இருந்தது.

இரண்டு வருடக் கெடு வைத்து, பிறகு ஒரு வருடம் நீட்டித்தார்கள். 2025 அக்டோபரில் அந்தக் கதவு மூடிவிட்டது. சர்வதேசப் படையணியில் சேர்ந்து குடியரசுக்காகப் போரிட வந்த வெளிநாட்டவரின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை கேட்க அதே சட்டத்தில் தனி வழி உண்டு. அதற்காகச் சொந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டியதில்லை. டி.என்.ஏ. மாதிரி, புதைகுழித் தேடல், தீர்ப்பு ரத்துச் சான்று ஆகியவற்றை இந்தக் குடியுரிமைக் கெடு கட்டுப்படுத்தாது.