கடல் முதலில் கிணற்றுக்குள்தான் வருகிறது

"இந்தத் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, தம்பி" என்றார் வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா. நிலத்தடி நீரை ஆய்வு செய்வது என் தொழில். கருவியை வாளியில் இறக்குமுன்பே விடை தெரிந்துவிட்டது. குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு தண்ணீரே இல்லாத ஊரிலும் 2,000-ஐத் தாண்டக் கூடாது. அவர் வீட்டு ஆழ்துளைக் கிணறு அதையும் தாண்டியிருந்தது.

கடல் மட்டம் உயர்கிறது என்றால், அலை வீட்டை இடிப்பதுதான் நம் கண்முன் வரும். அதற்கு வெகு முன்பே கடல் மண்ணுக்கடியில் நடந்து வந்துவிடுகிறது.

கடலோரத்தில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், அது கீழே சுமார் 40 அடிக்கு உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். அந்த ஓரடியை இறைத்துவிட்டால், காலப்போக்கில் உப்பு 40 அடி மேலேறும். நிலத்தடி நீர் கூடவே உயர முடியாத தாழ்ந்த பகுதிகளில், கடல் உயர்ந்தாலும் இதே கணக்குதான். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரையிலான வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். மில்லிமீட்டர்தானே என்பவர்கள் நாற்பதால் பெருக்கிப் பாருங்கள்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்ததற்கு முதல் காரணம் அளவுமீறி இறைத்தது. இறைப்பு திறந்துவிட்ட அதே வழியில்தான் உயரும் கடலும் நுழையும். காவிரியின் கடைமடைக்கு இன்னொரு சுமையும் உண்டு: 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் ஆறு கொண்டுவரும் வண்டல் குறைந்துபோனது; உயரும் கடலுக்கு ஈடாக நிலத்தை மேடாக்க அந்த வண்டல்தான் வேண்டும்.

"இன்னும் அறுபது அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும்" என்று அந்த அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றேன். அங்கே ஆழம் கூடக்கூட உப்புதான் கூடும். ஊருக்குக் கிழக்கே மணல்மேட்டின் அடியில் பன்னிரண்டு அடி ஆழத்தில் ஒரு பழைய உறைகிணறு இருந்தது. அதில் சோதித்தேன்: 500-க்கும் கீழே. மழையை உறிஞ்சிச் சேர்த்து வைத்திருப்பது அந்த மணல்தான். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை தண்ணீரைச் சோதித்து எழுதி வைக்கச் சொன்னேன். அங்கிருந்து ஒரு வண்டி மணலைக்கூட யாரையும் அள்ளவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

"போன மாதமே இரண்டு வண்டி போய்விட்டதே" என்றார் அவர்.