மலை ஏறும் லாரிக்கு ஹெவி கவர்னர் ஸ்பிரிங்: போடுமுன் பாருங்கள்

மேட்டுப்பாளையத்தில் சிமெண்டோ உரமோ ஏற்றிய லாரி குன்னூர் மலைப்பாதையில் பர்லியாருக்கு மேல் திணறினால், பலரும் முதலில் கேட்பது, “பம்ப்புல கவர்னர் ஸ்பிரிங்க ஹெவியா மாத்திடலாமா?” என்றுதான். கவர்னர் என்பது எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் டீசலைக் குறைக்கும் பம்ப் பாகம். மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டுமே இந்தப் பேச்சு. கம்ப்யூட்டரே டீசலை அளக்கும் காமன் ரெயில் எஞ்சினில் மாற்றுவதற்கு அந்த ஸ்பிரிங்கே கிடையாது. 80 கிலோமீட்டரில் வேகத்தை நிறுத்தும் ஸ்பீடு கவர்னர் வேறு பொருள். அதில் கை வைக்காதீர்கள், எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் மாட்டும்.

ஆர்பிஎம் (எஞ்சினின் நிமிடச் சுற்று) ஏற ஏற கவர்னர் வெயிட்டுகள் விரிந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக்கைப் பின்னுக்கு இழுத்து டீசலைக் குறைக்கும். ஸ்பிரிங் அதை எதிர்த்து நிற்கும். விரியும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுவதால், 2800-இல் டீசலை வெட்டுவதை 3100-க்குத் தள்ள ஸ்பிரிங் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் விசை தரவேண்டும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மேலும் கீழும் வீசப்படுவதால் தாங்கவேண்டிய விசையும் அதே 23 சதவீதம் ஏறிவிடும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஏற்றத்தில் திணறும் வண்டி குறைந்த ஆர்பிஎம்மில்தான் திணறுகிறது. அங்கே கவர்னர் வெட்டவே இல்லை. ஸ்பிரிங் மாற்றி என்ன பயன்? பலன் தெரிவது ஒரு இடத்தில்தான். கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் இரண்டாவது கியரை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து மூன்றாவதுக்குப் போனால் ஆர்பிஎம் படுத்துவிடாது. அதற்காக, அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் ஃபுல் லோடு ஸ்குரூவையும் சேர்த்துத் திருகுவது வீண். ஊட்டி 2240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 80 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினில் கூடுதல் டீசல் கரும்புகையாகப் போகும், சைலன்சர் சூடு ஏறும்.

முதலில் இலவசமாகச் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். ஆக்ஸிலேட்டரை ஒருவர் முழுதாக மிதிக்க, இன்னொருவர் பம்ப் லீவர் மேக்ஸ் ஸ்டாப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். பெடலையும் பம்ப்பையும் இணைக்கும் லிங்கேஜில் புஷ் தேய்ந்து லீவர் பாதியில் நிற்பதுதான் பல வண்டிகளின் நோய். பிறகு ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஃபீட் பம்ப் ஜல்லடை, ஓவர்ஃப்ளோ வால்வு.

இவ்வளவும் சரியாக இருந்தும் மாற்றத்தான் வேண்டும் என்றால், பம்ப்பைக் கழற்றி பம்ப்பைச் சுற்றிவிட்டு அளக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றியே செய்யவேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பம்ப் பாதி வேகத்தில் சுற்றும். பெஞ்சில் 1550 என்றால் எஞ்சினில் 3100. இதை மறந்து அமைத்த பம்ப் வண்டியில் ஏறினால் எஞ்சின் தப்பாது. வெயிட்டுக்குள்ளேயே ஸ்பிரிங் அடுக்கு இருக்கும் வகையில் இரண்டு பக்கமும் ஒரே செட் ஸ்பிரிங் போட்டு, இரு நட்டையும் சரிசமமாகத் திருகவேண்டும். ஏற்றத்தாழ்வு இருந்தால் ஐட்லிங் நிலையாக நிற்காது. ஒரே மெயின் ஸ்பிரிங் உள்ள வகையில் ஐட்லிங்கும் கட்-ஆஃபும் (டீசல் வெட்டும் ஆர்பிஎம்) அந்த ஸ்பிரிங்கையே நம்பியிருப்பதால் ஐட்லிங்கை மறுபடி அமைக்காமல் விடமுடியாது. வெட்டத் தொடங்கும் ஆர்பிஎம், டீசல் முழுதும் நிற்கும் ஆர்பிஎம் இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். கூடவே வால்வு ஸ்பிரிங்கும் மாற்றவேண்டும். அதில் மிச்சம் பிடிப்பவர்கள் எஞ்சினையே திறக்க நேரிடும்.

காரணம் இறக்கம். கேரட் மூட்டையோடு கீழே வரும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கவர்னர் டீசலை நிறுத்துமே தவிர, எஞ்சின் வேகத்தைப் பிடித்து நிறுத்தாது. உயர்ந்த ஆர்பிஎம் சத்தத்துக்குக் காது பழகிய ஓட்டுநர் இறக்கத்திலும் அதே சத்தத்தில் விடுவார். புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் பின்னழுத்தம் வால்வைத் தள்ளித் திறக்கப் பார்க்கும். பழைய வால்வு ஸ்பிரிங் மூடத் தாமதித்தால் பிஸ்டன் வால்வில் மோதும், புஷ் ராடு வளையும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டுக்கு முன்பே கால் பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள்.

பம்ப் மாட்டியபின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்டாப் லீவரைக் கையால் அசைத்து ரேக் சுலபமாகத் திரும்புகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஏர் இன்டேக் குழாயைக் கழற்றி, இன்டேக் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையோடு ஆளை நிறுத்துங்கள். ரேக் சிக்கி எஞ்சின் வேகம் தானே ஏறினால் ஸ்டாப் லீவரை இழுங்கள். கேட்காவிட்டால் பலகையால் காற்று வழியை அடைத்துவிடுங்கள். கையாலோ துணியாலோ கூடாது, உள்ளே இழுத்துவிடும். டீசல் லைனை மட்டும் அடைத்தால் பம்ப்பில் மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும்.