தேய்வதற்கென்றே ஒரு கரிக்கட்டை

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய மாமியார் 1987இல் வாங்கிய வேக்குவம் கிளீனர் இன்றும் வாரந்தவறாமல் வீட்டைச் சுத்தம் செய்கிறதாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இவர் வாங்கிய ஒயர் இல்லாத புது ரகமோ அதற்குள் பரணுக்குப் போய்விட்டது. "அந்தக் காலத்துப் பொருள்களில் அப்படி என்னதான் வைத்துச் செய்தார்கள்?" என்பது அவர் கேள்வி.

பழையது என்றாலே உறுதி என்பதில் பாதி வெறும் நம்பிக்கை. அன்று விற்ற இயந்திரங்களில் பெரும்பாலானவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பிழைத்துக் கிடப்பவை மட்டும்தான் நம் கண்ணில் படுகின்றன. தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவரைக் காட்டி, அந்தக் காலத்தில் எல்லோருமே தொண்ணூறு வயது வாழ்ந்தார்கள் என்று சொல்வதைப் போன்ற கணக்கு இது. மீதிப் பாதி உண்மை. அந்த உண்மையைப் பார்க்க வேண்டுமானால் இயந்திரத்தைப் பிரித்து, விரல்நுனி அளவுள்ள ஒரு கரிக்கட்டையை வெளியே எடுக்க வேண்டும்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நின்றது. குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போயின. 1908இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஆஸ்துமாவால் அவதிப்பட்ட துப்புரவுப் பணியாளர் ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர், கையில் பிடித்துத் தள்ளும் மின்சார வகைக்குக் காப்புரிமை பெற்றார். அவரிடமிருந்து அதை வாங்கித் தொழிலாக வளர்த்தவர் வில்லியம் ஹூவர். 1921இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ், தரையில் சறுக்கி வரும் உருளை வடிவைக் கொண்டுவந்தது. அதே எலக்ட்ரோலக்ஸின் கூட்டோடு 1982இல் இந்தியாவில் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸின் விற்பனையாளர்கள், கழுத்தில் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து செய்துகாட்டியதை நடுத்தர வயதைத் தாண்டிய பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

உள்ளே நடப்பதும் எளிது. விசிறி சுழன்று காற்றை விளிம்புக்கு வீசுகிறது. நடுவில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடிவருகிறது, தூசியையும் அள்ளிக்கொண்டு. விசிறியின் விளிம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உறிஞ்சும் வலு கூடும். விளிம்பு வேகத்தைப் பெற இரண்டு வழிகள் உண்டு. பெரிய விசிறியை நிதானமாகச் சுற்றலாம், அல்லது சின்ன விசிறியை வெறிபிடித்த வேகத்தில் சுற்றலாம். பழைய இயந்திரங்கள் முதல் வழியில் போனவை. அதனால் அவை கனமானவை, இடத்தை அடைத்துக்கொள்பவை. ஆனால் சுழலும் பொருளில் சிறிது எடைப்பிசகு இருந்தாலும் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்கின் மேல் விழும் உதறல் சுழற்சி வேகத்தின் வர்க்கமாக ஏறும். நிதானமாகச் சுற்றுவது நெடுநாள் உழைப்பதற்கு இது முதல் காரணம்.

'நிதானம்' என்றாலும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்குக் குறையாது. நம் வீட்டு மின்சாரத்தில் அந்த வேகம் எளிதில் வராது. சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் முனகும், மிக்ஸி அலறும். கிரைண்டரில் இருப்பது தூண்டல் மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளைத் தாண்டவே முடியாது. அந்த வரம்பை மீற வேண்டுமானால், சுழலும் பகுதிக்குள்ளேயே மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மோட்டார் வேண்டும். மிக்ஸியிலும் வேக்குவம் கிளீனரிலும் இருப்பது அதுதான். சுழன்றுகொண்டே இருக்கும் ஒன்றுக்கு ஒயர் கட்ட முடியாதே, எப்படி மின்சாரம் கொடுப்பது? உரசிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். அந்த உரசலைத் தாங்குவதுதான் கரிக்கட்டை. மிக்ஸி பழுதுபார்ப்பவர் "கார்பன் போய்விட்டது" என்று சொல்வாரே, அதே கார்பன் பிரஷ்.

கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் எங்கள் வீட்டு இயந்திரத்தைப் பிரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு பட்டைகளுக்கு நடுவே மெல்லிய மைக்கா தகடு. எதிரெதிரே இரண்டு கரிக்கட்டைகளை ஸ்பிரிங்குகள் அந்தச் செம்பின் மேல் அழுத்திக்கொண்டிருந்தன. பட்டைகள் பழுப்பேறி, காபிக் கொட்டை நிறத்தில் மினுங்கின. அழுக்கு என்று நினைத்து உப்புக் காகிதத்தை எடுத்தேன். காயில் கட்டுபவர் சட்டென்று என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அந்த நிறம் ஏறப் பல நாள் ஆகியிருக்கும், அதைச் சுரண்டினால் புதுக் கார்பனும் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார். பள்ளியில் படித்த எந்தப் பாடமும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அந்தப் பழுப்பு, செம்பின் ஆக்ஸைடும் கரியும் சேர்ந்து உருவான மெல்லிய படலம். கரிக்கட்டை செம்பின் மேல் நேரடியாக உரசுவதில்லை, இந்தப் படலத்தின் மேல்தான் வழுக்கிப் போகிறது. கட்டையில் இருக்கும் கிராஃபைட், கார்பன் அணுக்கள் தாள்தாளாக அடுக்கப்பட்ட பொருள். பென்சில் எழுதுவது அந்தத் தாள்கள் உரிவதால்தான். தாளின் முகப்பு வழுவழுப்பானது. விளிம்பு அப்படியில்லை. அங்கே அணுக்கள் கை நீட்டியபடி நிற்கும், எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். காற்றிலிருக்கும் நீராவியின் மூலக்கூறுகள் வந்து அந்த விளிம்புகளை மூடிவிடுவதால்தான் கிராஃபைட் வழுக்குகிறது. அதாவது, கார்பன் பிரஷ்ஷுக்கு எண்ணெய் போடுவது காற்றின் ஈரம்.

இது தெரியவந்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது, அவற்றின் மின் இயந்திரங்களில் தரையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்த கார்பன் பிரஷ்கள் அங்கே போனதும் மளமளவென்று தூளாகிக் கொட்டின. குளிர், மெல்லிய காற்று என்று காரணம் தேடினார்கள். நீராவி இல்லாமைதான் காரணம் என்பதை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் சாவேஜ் ஆய்வுக்கூடத்தில் நிறுவினார். பிறகு சில உலோக உப்புகளைக் கார்பனோடு கலந்து சிக்கலைத் தீர்த்தார்கள். அதைவிடப் பழைய புதிர் ஒன்றும் உண்டு. தொடக்க கால மோட்டார்களில் செம்புக் கம்பிகளைக் கட்டாகக் கட்டித்தான் உரசவிட்டார்கள்; பிரஷ் என்ற பெயர் வந்தது அதனால்தான். செம்பைவிட மின்தடை கூடுதலான கரியைப் போடலாம் என்று 1885இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் காப்புரிமை வாங்கினார். கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்தத் தடைதான் மருந்து. 24 பட்டைகள் நிமிடத்துக்கு 20,000 முறை சுற்றினால், ஒரு கட்டையின் அடியில் நொடிக்கு 8,000 பட்டைகள் கடந்துபோகும். ஒவ்வொரு முறையும் ஒரு காயிலின் மின்னோட்டம் திசை மாற வேண்டும். கரியின் தடை அந்த மாற்றத்தை வெடுக்கென்று நிகழவிடாமல் இதமாக்குகிறது. தீப்பொறி குறைகிறது.

உரசலையும் தேய்மானத்தையும் ஆராயும் துறைக்கு 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழுவின் அறிக்கையில்தான் டிரைபாலஜி, அதாவது உராய்வியல், என்ற பெயரே கிடைத்தது. அதை நன்றாகக் கற்றுப் பயன்படுத்தினால் அந்நாட்டுத் தொழில்துறைக்கு ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண்டு மிச்சமாகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பம்ப்செட்டும் கிரைண்டரும் மிக்ஸியும் செய்கிற நம் ஊரில் உராய்வியலுக்கென்று தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் கரிக்கட்டைக்குக் கிடைப்பதில்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது.

இப்போது திருச்சிக்கு வருவோம். மாமியாரின் இயந்திரத்திலும் கார்பன் தேய்ந்துதான் இருக்கும், ஒருவேளை பலமுறை. ஆனால் அது தேய்வதற்கென்றே வைத்த பாகம். திருகைக் கழற்றினால் கைக்கு வரும், கடையில் அதே அளவில் வேறு கிடைக்கும். பேரிங்கும் அப்படித்தான். பல புது ரகங்களில் உடம்பைப் பிளாஸ்டிக் கொக்கிகளால் மாட்டிவிடுகிறார்கள், திறக்கும்போதே உடைந்துவிடும். மோட்டார் ஒரே பொதியாக மூடப்பட்டிருக்கும். கார்பன் தீர்ந்தால் மோட்டாரே தீர்ந்தது.

ஒயர் இல்லாத ரகங்களின் கதை இன்னும் வருத்தமானது. அவற்றில் பலவற்றில் கார்பனே கிடையாது. மின்னோட்டத்தின் திசையை மின்னணுச் சுற்று மாற்றிவிடுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டுபவையும் உண்டு. உரசும் பாகம் இல்லாததால் நியாயமாகப் பார்த்தால் பழையதைவிட அதிகம் உழைக்க வேண்டிய மோட்டார் அது. சாவது லித்தியம் பேட்டரி. சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் அதன் கொள்ளளவு சுருங்கத் தொடங்கும். மாற்று பேட்டரி கிடைக்காவிட்டால் நல்ல மோட்டாரும் அதோடு பரணேறும்.

சட்டத்தால் இதைத் திருத்தலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல் வேக்குவம் கிளீனர் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், குழாய் 40,000 முறை வளைத்து ஆட்டினாலும் தாங்க வேண்டும் என்று விதித்தது. வாரம் ஒரு மணி நேரம் என்றால் 500 மணி நேரம் ஒன்பதரை ஆண்டுக்கு வரும். பிரான்ஸ் 2022 நவம்பரில் பழுதுபார்க்கும் வசதிக்கான மதிப்பெண்ணை இவற்றின் மேலும் ஒட்டச் சொன்னது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை அதே ஆண்டு பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த உரிமைக்குச் சட்டத்தின் பல் முளைக்க வேண்டும்.

வாசகிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பை நிறைந்தாலோ குழாய் அடைத்தாலோ மோட்டாரின் குரல் உயரும். கஷ்டப்பட்டுக் கத்துவதாகத் தோன்றும், உண்மையில் தள்ளக் காற்றில்லாமல் பாரம் குறைந்து வேகமெடுக்கிறது. ஆனால் பல ரகங்களில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அந்தக் காற்றுதான். குரல் மாறியதும் நிறுத்திவிடுங்கள், கோலமாவை உறிஞ்சிய பிறகு பையைக் கட்டாயம் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை நம்பிக்கையான கடையில் கொடுத்து இரண்டு கார்பன்களின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். செம்பிலிருக்கும் பழுப்பை மட்டும் யாரும் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.