ஃபட்ஜ்: தமிழில் பால்பாகு

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமெரிக்க வீடுகளில் பழைய தகர டப்பாக்கள் பரணிலிருந்து இறங்கிவிடும். சர்க்கரை, பால், வெண்ணெய், கொஞ்சம் கோக்கோ. செலவு அவ்வளவுதான். ஒரு மாலை உட்கார்ந்து காய்ச்சித் துண்டு போட்டால், பக்கத்து வீடு, தபால்காரர், பிள்ளையின் டீச்சர் என்று பலருக்கும் கையால் செய்த பரிசு தயார். அந்த இனிப்பின் பெயர்தான் ஃபட்ஜ். இப்போது நம் ஊரிலும் தீபாவளிக்கு வீட்டிலேயே செய்து பெட்டியில் போட்டுக் கொடுப்பவர்கள் இந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள். தமிழில் எழுதும்போது மட்டும் 'சாக்லேட் பர்பி' என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை.

ஃபட்ஜ் என்ற சொல் முதலில் தின்பண்டத்தைக் குறிக்கவே இல்லை. ஒட்டுப்போட்டு ஒப்பேற்றுவது, கணக்கைச் சரிக்கட்டுவது என்ற பொருளில் வினைச்சொல்லாக ஆங்கிலத்தில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் 'சுத்தப் பேத்தல்!' என்று சொல்லவும் அது பயன்பட்டது. மிட்டாய் செய்யும்போது எதையோ சொதப்பியதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று கிடையாது. சான்றாக இருப்பது ஒரு கடிதம்தான். நியூயார்க் மாநிலத்தின் வாஸர் மகளிர் கல்லூரியில் படித்த எமிலின் பாட்டர்ஸ்பி ஹார்ட்ரிட்ஜ் எழுதியது அது. 1886-இல் பால்டிமோர் நகரில் தோழி ஒருத்தியின் உறவுக்காரர் இதைச் செய்ததாகவும், அங்கே பவுண்டு 40 செண்டுக்கு விற்றதாகவும் அதில் சொல்கிறார். செய்முறையை வாங்கிக்கொண்டு, 1888-இல் கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 13.6 கிலோ, அவரே காய்ச்சியிருக்கிறார். விடுதி அறைகளில் மாணவிகள் எரிவாயு விளக்கின் சூட்டில் இதைச் செய்து தோழிகளுக்குப் பங்கு வைத்தார்கள். மற்ற மகளிர் கல்லூரிகளுக்கும் பழக்கம் தொற்றியது. ஆக, இது கடையைவிட விடுதி அறையால் வளர்ந்த பண்டம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்முறையைப் பார்த்தால்தான் பெயர் வைக்க முடியும்.

சர்க்கரையைப் பாலோ கிரீமோ விட்டு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுவார்கள். வெப்பமானி இல்லாத நம் வீடுகளில் இதற்கு வேறு அளவுகோல் உண்டு. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வரவேண்டும். உருட்டுப் பதம் என்பது அதுதான். அதிரசம் செய்கிறவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். அப்புறம் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 45 டிகிரிக்கு வரும்வரை கரண்டியைத் தொடக்கூடாது. பிறகு பளபளப்பு மங்கும்வரை கடைய வேண்டும். சூட்டோடு கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய படிகமாகி நறநறக்கும். ஆறியபின் கடைந்தால் கண்ணுக்குத் தெரியாத சிறு படிகங்களாகப் பிரிந்து நாக்கில் கரையும். நான் முதல் தடவை பொறுமை இல்லாமல் அடுப்பிலிருந்து இறக்கியதுமே கிளறி, தட்டு முழுக்க மணல் மாதிரி ஆக்கிவிட்டேன். பாகு இப்படிப் படிகம் கட்டுவதற்கு நம் சமையலறையில் அழகான சொல் இருக்கிறது: 'பூத்துவிட்டது' என்பார்கள். ஜாமூன் பாகு பூக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு சில துளி விடுவது இதைத் தடுக்கத்தான். ஃபட்ஜில் பூக்கவே வேண்டும். ஆனால் நேரம் பார்த்து, பொடிப்பொடியாகப் பூக்க வேண்டும்.

இப்போது பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பர்பி பாரசீகத்தின் 'பர்ஃப்' என்பதிலிருந்து வந்தது. பனி என்று பொருள். அதன் உடம்பு பெரும்பாலும் கோவா, கடலைமாவு, தேங்காய் போன்றது. பாகு அதைப் பிடித்துவைக்கும் துணைதான். பால்கோவாவும் பொருந்தாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள், சர்க்கரை சுவைக்குத்தான். ஃபட்ஜில் நிலைமை தலைகீழ்: சர்க்கரைதான் உடம்பு, பால் அதை மென்மையாக்க வருகிறது. 'பால்கட்டி' என்று வைக்கலாமா என்றால், இலங்கைத் தமிழில் பாற்கட்டி என்பது சீஸ்.

இலங்கையைச் சொன்னதும் நினைவுக்கு வருவது பால் டொபி; யாழ்ப்பாணத்து எழுத்தில் ரொபி. டின்பாலும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துக் காய்ச்சித் துண்டு போடும் அது, பெயரில்தான் டொபி. கண்ணாடி மாதிரி இறுகும் டாஃபிக்குச் சூடு 150 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். பால் டொபியோ பூத்து உதிரும் இனம். ஃபட்ஜுக்கு மிக நெருங்கிய உறவு நம்மவர் அடுப்பிலேயே இருக்கிறது.

ஆகவே என் தேர்வு பால்பாகு. மைசூர்பாகு என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது புதிதாகவும் தெரியாது. பாகு இறுகித் துண்டாகும் என்பது அந்தப் பெயரிலேயே நமக்குப் பழக்கம். பாகு பழைய சொல்லும்கூட. பெரும்பாணாற்றுப்படையில் அப்பம் சுடும் கூவியர் 'பாகொடு பிடித்த இழைசூழ் வட்டம்' செய்கிறார்கள். ஔவையோ பிள்ளையாருக்குக் கொடுக்கும் பொருள்களை எண்ணும்போது 'பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும்' என்கிறார். அங்கே பாலும் பாகும் ஒரே வரியில் வந்துவிட்டன. அதுவும் வீட்டில் இருப்பதைக் கலந்து கொடுக்கிற பரிசாகவே வந்திருக்கின்றன.

வகை பிரிக்கவும் தோதான பெயர்: சாக்லேட் பால்பாகு, முந்திரிப் பால்பாகு, கருப்பட்டிப் பால்பாகு. பொட்டலத்தில் எழுதும்போது பெயருக்குக் கீழே செய்த தேதியையும் முந்திரி சேர்த்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் மென்மை குறையாது.