மதிப்பீட்டு நாளன்று உள்ளதைச் சொல்லுங்கள்

என் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு கழிந்தபின், உடற்குறையை மதிப்பிட ஒருவர் வீட்டுக்கு வந்தார். விருந்தாளி வருவதுபோல் நினைத்து, நைட்டியை மாற்றிச் சேலை கட்டிவிடச் சொல்லியிருந்தார் பெரியம்மா. "குளிக்க யாராவது உதவுகிறார்களா அம்மா?" என்று வந்தவர் கேட்டதும், இடக்கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டே, "அதெல்லாம் நானே செய்துகொள்வேன்" என்றார். அன்று காலையில்தான் அவருடைய மகள் அவரைக் குளியலறை நாற்காலியில் உட்காரவைத்து, அசையாத வலக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றியிருந்தார். அந்தச் சேலையைக் கட்டிவிட்டதும் மகள்தான்.

இது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. முன்பின் தெரியாதவர் முன்னால் தன் இயலாமையைச் சொல்ல எந்தப் பெரியவருக்கும் மனம் வராது. ஆனால் சிங்கப்பூரில் காப்புறுதியிலிருந்தும் மானியத்திலிருந்தும் மாதந்தோறும் பணம் வருவதும் வராததும் அந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால் இந்த மதிப்பீடு எதைப் பார்க்கிறது என்பதைக் குடும்பத்தார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பீட்டாளர் பார்ப்பது ஆறு அன்றாடச் செயல்களை: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் மாறுவது. இவற்றில் மூன்றையாவது இன்னொருவர் உதவியில்லாமல் செய்ய முடியாவிட்டால், அது கடுமையான உடற்குறை. என்ன நோய், எப்படி வந்தது என்பது இங்கே அளவுகோல் அன்று. பக்கவாதமோ, விபத்தோ, மூப்போ, பிறவியிலேயே இருந்ததோ, எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான். சாப்பிடுவது என்றால் தட்டில் வைத்த உணவை எடுத்து உண்பது மட்டுமே. சமைப்பது கணக்கில் வராது. உடுத்துவது என்றால் சட்டையைத் தோளில் போட்டுக்கொள்வது மட்டுமல்ல. எல்லா உடைகளையும் அணிவதும் கழற்றுவதும் அதில் அடங்கும். சட்டைக்குப் பொத்தான் போட மனைவி வேண்டும் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். 1980இலும் அதற்குப் பின்னரும் பிறந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 30 வயதில் கேர்ஷீல்டு லைஃப் எனும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியில் தாமாகவே சேர்க்கப்படுகிறார்கள். 2020 அக்டோபரில் தொடங்கிய இத்திட்டத்தில், கடுமையான உடற்குறை உள்ளவருக்கு மாதந்தோறும் கிடைக்கும் தொகை அப்போது 600 வெள்ளி; 2025இல் 662 வெள்ளி. 2026 முதல் 2030 வரை அது ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடுகிறது. ஒருவர் பணம் பெறத் தொடங்கிய ஆண்டில் எவ்வளவோ அதே தொகைதான் அவருக்குத் தொடர்ந்து வரும். கடுமையான உடற்குறை நீடிக்கும்வரை, ஆயுள் முழுதும் வரும்.

இதில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிறு வயதிலிருந்தே உடற்குறையுடன் வாழும் பிள்ளைகளையும் இத்திட்டம் விலக்குவதில்லை. ஏற்கெனவே நோய் இருக்கிறது, குறை இருக்கிறது என்று சொல்லிக் காப்புறுதி மறுக்கப்படுவதே நாம் பழகிப்போன கதை. இங்கே, 1980இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் என்றால், கடுமையான உடற்குறை முன்பே இருந்தாலும் அவரும் மற்றவர்களைப் போலவே சேர்க்கப்படுகிறார். மகனுக்கோ மகளுக்கோ 30 வயது நெருங்குகிறது என்றால் அந்தத் தேதியை இப்போதே குறித்துவையுங்கள்.

1979இலோ அதற்கு முன்போ பிறந்தவர்களின் நிலை வேறு. அவர்களில் பலர் 2002இல் வந்த எல்டர்ஷீல்டு எனும் பழைய காப்புறுதித் திட்டத்தில் இருக்கிறார்கள். சிலர் பிறகு கேர்ஷீல்டு லைஃபுக்கு மாறியிருப்பார்கள். எல்டர்ஷீல்டில் மாதம் 300 வெள்ளி ஐந்து ஆண்டுகளுக்கு, அல்லது மாதம் 400 வெள்ளி ஆறு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். சந்தா மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஓசையில்லாமல் கழிந்துகொண்டிருந்ததால், அப்பாவுக்கு அப்படியொரு காப்புறுதி இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதுண்டு. எதில் இருக்கிறார் என்பதை அரசாங்க இணையச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் வழியாகப் பார்த்துவிடலாம்.

அதே கடுமையான உடற்குறையைக் காட்டி மெடிசேவ் கேர் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 30 வயது ஆனவர்கள் தங்கள் மெடிசேவிலிருந்தோ கணவன் அல்லது மனைவியின் மெடிசேவிலிருந்தோ மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் 5,000 வெள்ளியை விட்டுவைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்று செயல்களை அறவே செய்ய முடியாதவர்களுக்குத்தான் எல்லாம் என்று எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள். இல்லப் பராமரிப்பு மானியத்துக்கு அளவுகோல் சற்றுத் தளர்வானது: மூன்று செயல்களில் ஓரளவு உதவி எப்போதும் தேவைப்பட்டால் போதும். 2026 ஏப்ரல் முதல் இது மாதத்துக்கு 600 வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. குடும்பத்தில் தலைக்கு மாத வருமானம் 4,800 வெள்ளியைத் தாண்டாத வீடுகளுக்கு உரியது. வருமானத்துக்கு ஏற்பத் தொகை மாறும். தாதிமை இல்லத்தில் இல்லாமல் வீட்டில் வசிப்பவரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்காகவே இந்த மானியம் இருக்கிறது.

இல்லப் பணிப்பெண் வைத்திருப்பவர்களுக்கு அளவுகோல் இன்னும் எளிது. உடற்குறையுள்ள குடும்பத்தினருக்கு ஒரே ஒரு செயலில் உதவி தேவை என்று சான்று கிடைத்தாலும், பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குச் செலுத்தும் 300 வெள்ளி மாதத் தீர்வை 60 வெள்ளியாகக் குறையும். மாதம் 240 வெள்ளி மிச்சம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. 

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்கள், மூத்தோருக்கு ஏற்ப வீட்டை மாற்றியமைக்கும் ஈஸ் திட்டத்தையும் விட்டுவிடக்கூடாது. குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை, வாசற்படிக்குச் சாய்தளம் போன்றவற்றைச் செய்துதருவார்கள். குடிமக்கள் கொடுக்க வேண்டியது, வீட்டின் வகையைப் பொறுத்து, செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு மட்டும். 65 வயதானவர் வீட்டில் இருந்தால் போதும்; அன்றாடச் செயல்களில் உதவி தேவைப்படுபவர் என்றால் 60 வயதிலிருந்தே கேட்கலாம்.

கேர்ஷீல்டு லைஃப், எல்டர்ஷீல்டு, மெடிசேவ் கேர், இல்லப் பராமரிப்பு மானியம், பணிப்பெண் தீர்வைச் சலுகை ஆகிய ஐந்துக்கும் போக வேண்டிய இடம் ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு. இணையத்தில் சிங்பாஸ் வழியாக விண்ணப்பிக்கலாம். தொலைபேசி எண் 1800-650-6060. சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளரிடம் நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். அவருடைய கிளினிக்குக்குப் போனால் கட்டணம் 100 வெள்ளி, அவர் வீட்டுக்கு வந்தால் 250 வெள்ளி. முதல் மதிப்பீட்டுக்கு அந்தக் கட்டணம் இல்லை. பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். டாக்சியில் ஏற்றி இறக்கி அலைக்கழிக்க வேண்டாம்.

அன்றாடம் பராமரிப்பவர் அந்த நேரத்தில் கட்டாயம் உடனிருக்க வேண்டும். முந்தைய வாரம் முழுதும் எதெதற்குக் கை கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள்: இரவில் எத்தனை முறை கழிப்பறைக்குத் தூக்கிச் சென்றீர்கள், சோற்றைப் பிசைந்து ஊட்டினீர்களா, கட்டிலிலிருந்து எழுப்ப ஒருவர் போதுமா இருவர் வேண்டுமா. கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

அன்று எங்கள் வீட்டில் மகள் அம்மாவை மறுத்துப் பேசவில்லை. அருகில் அமர்ந்து, "அம்மா, இன்று காலையில் நாம் எப்படிக் குளித்தோம் என்று இவரிடம் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார். பெரியம்மா சன்னலைப் பார்த்தபடி, "நீயே சொல்" என்றார்.