எம்ப்டி செல்லா: வெற்றுச் சேணம்

தலைவலிக்காக எம்ஆர்ஐ எடுத்தவர்கள் சிலர், அறிக்கையில் 'எம்ப்டி செல்லா' என்ற சொல்லைப் பார்த்ததும் பதறிவிடுகிறார்கள். மூளையில் ஏதோ காலியாம் என்று பிள்ளைகள் தமிழில் சொன்னால், சிங்கப்பூரில் எந்தப் பாட்டிக்குத்தான் தூக்கம் வரும்?

செல்லா என்றால் லத்தீனில் இருக்கை, சேணம். முழுப்பெயர் செல்லா டர்சிகா, அதாவது துருக்கியச் சேணம். மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஒரு எலும்புக் குழி அது. முன்னும் பின்னும் மேடு, நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கிறது. (பிட்யூட்டா என்றால் சளி. மூளையிலிருந்து சளி இதன் வழியே மூக்குக்கு இறங்குவதாக அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். கபச்சுரப்பி என்ற தமிழ்ப் பெயரிலும் அந்த நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

'எம்ப்டி' என்ற அடைமொழி 1951-இல் புஷ் என்ற மருத்துவர் எழுதிய பிரேதப் பரிசோதனை ஆய்விலிருந்து வந்தது. ஆனால் குழி உண்மையில் காலியாக இருப்பதில்லை. அதன் மேல்மூடியான சவ்வு சரியாக மூடாதபோது, மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவம் உள்ளே இறங்கிச் சுரப்பியைத் தரையோடு அமுக்கிவிடுகிறது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு ஆகியவற்றுக்குப் பிறகு சுரப்பியே சுருங்கியும் இப்படி ஆகலாம்.

எம்ஆர்ஐயின் பக்கவாட்டுப் படத்தில் இது தெளிவாகத் தெரியும். குழியில் பாதிக்கு மேல் திரவம் நிரம்பி, சுரப்பியின் தடிமன் 2 மி.மீ.க்குக் கீழே போனால் முழுமையான எம்ப்டி செல்லா என்பார்கள்; பாதிக்குக் குறைவென்றால் பகுதியளவு. சுரப்பியின் காம்பு திரவத்தின் ஊடே அடிவரை இறங்குகிறதா என்பதையும் பார்ப்பார்கள். நீர்க்கட்டியாக இருந்தால் காம்பு ஒதுங்கிப் போயிருக்கும்.

தமிழில் 'வெற்றுச் சேணம்' என்பது சரியான நேர்ச்சொல். அறிக்கையில் அப்படியே எழுதலாம். வீட்டில் பேசும்போது மட்டும் 'நீர் புகுந்த சேணம்' என்று சொல்லுங்கள். நடப்பது அதுதான், பயமும் குறையும்.

பலருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. அதே படத்தில் கண்விழியின் பின்புறம் தட்டையாகி, பார்வை நரம்பின் உறை விரிந்திருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கக்கூடும். தலைவலியோடு பார்வையும் மங்கினால் கண் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். தீராத சோர்வு, மாதவிடாய் நின்றுபோவது போன்றவை இருந்தால் ஹார்மோன் அளவுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.