டிஸ்க் பிரேக்: சொல்லும் பொருளும், கூடவே நல்லதும் கெட்டதும்

ரோடு பைக் வாங்க நினைப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது ‘டிஸ்க்கா, ரிம்மா?’ என்பதுதான். அதாவது சக்கரத்தின் நடுவில் பூட்டிய வட்டத் தகட்டைக் கவ்வும் பிரேக்கா, சக்கரத்தின் விளிம்பையே (ரிம்) கவ்வும் பிரேக்கா என்று. இங்கே ரோடு பைக் என்றால் மோட்டார் வைத்தது இல்லை. வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட, தார்ச்சாலையில் வேகமாக மிதிப்பதற்கென்றே செய்த சைக்கிள். டிஸ்க் பிரேக் என்ற பெயரில் என்ன இருக்கிறது, தமிழில் அதை எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம். பெயரைப் பிரித்தால் அதன் நல்லது கெட்டது இரண்டும் கூடவே வெளியே வந்துவிடும்.

டிஸ்க் கிரேக்கத்தில் ‘டிஸ்கோஸ்’. எறிவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல், அதாவது விளையாட்டில் வீசி எறிகிற பொருள். லத்தீனுக்குப் போய் ‘டிஸ்கஸ்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. டிஷ், டெஸ்க் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். அந்த விளையாட்டை நாம் ஏற்கெனவே வட்டு எறிதல் என்றுதான் சொல்கிறோம், அதனால் டிஸ்குக்கு வட்டு என்பது வலிந்து ஒட்டவைத்த சொல் இல்லை. பழைய சொல்லும்கூட. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று குறளில் வருகிற வட்டு, கட்டம் போட்டு ஆடும் ஆட்டத்தின் காய். சிலர் தகடு என்கிறார்கள், அதில் மெலிவு தெரிகிறதே தவிர வட்டம் தெரியவில்லை. தட்டு என்றால் சாப்பாட்டு நினைப்பு வந்துவிடும். என் ஓட்டு வட்டுக்கு.

பிரேக்குக்குத்தான் தகராறு. நிறுத்தி என்று எழுதுவோர் உண்டு, தடை, தடுப்பான் என்போரும் உண்டு. மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக்கை எதற்குப் பிடிக்கிறோம்? நிற்பதற்கு இல்லை, வளைவுக்கு முன்னால் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தத்தான். நிறுத்தி என்றால் அந்த வேலை பெயருக்கு வெளியே போய்விடுகிறது. தடை என்றால் அரசாணை மாதிரி ஒலிக்கிறது. ஆகவே வட்டுத்தடுப்பான், வட்டு வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் நடுவில் ஒற்று மிகும். பேசும்போது டிஸ்க் பிரேக் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வட்டு சைக்கிளுக்காகப் பிறந்ததில்லை. 1902இல் பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் காருக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் லெ மான்ஸ் பந்தயத்தை வென்றபிறகு உலகம் கவனித்தது. சாலை சைக்கிள் பந்தயத்துக்கு வர அப்புறமும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. உலக சைக்கிள் சங்கமான யூசிஐ 2015இல் சோதனைக்கு விட்டது, 2016 பாரி-ரூபே பந்தயத்தில் பிரான் வென்டோசோ என்ற வீரர் தன் காலைக் கிழித்தது வட்டுதான் என்று சொன்னதும் சோதனையை நிறுத்தியது, மறு ஆண்டு திரும்பத் தொடங்கியது, 2018 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு உடனே அடங்கிவிடவில்லை. 2019இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஏகன் பெர்னாலின் சைக்கிளில் இருந்தது ரிம் பிரேக்தான்.

இப்போது ஒரு வேடிக்கை. ரிம் பிரேக்கும் ஒருவகையில் டிஸ்க் பிரேக்தான். சக்கரத்தின் விளிம்பையே வட்டாக வைத்து இரண்டு கட்டைகள் இருபக்கமும் கவ்வுகின்றன, அவ்வளவே. டயர் உட்காரும் இடத்தில் அந்த விளிம்பின் விட்டம் 622 மில்லிமீட்டர். டிஸ்க் பிரேக்கில் வட்டைத் தனியாகப் பிரித்து, 140 அல்லது 160 மில்லிமீட்டராகச் சுருக்கி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் பூட்டுகிறார்கள். விட்டம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிட்டதால், அதே அளவு தடுக்க நான்கு மடங்கு இறுக்கிக் கவ்வ வேண்டும். கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கும் உண்டு, ஆனால் விரலை லேசாக வைத்தாலே போதும் என்ற சுகம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையில்தான் கிடைக்கும்.

நன்மை எல்லாம் இந்த இடமாற்றத்தில் கிடைத்தவை. மழையில் விளிம்பு நனைந்தால் ரிம் பிரேக் முதலில் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கும், கார்பன் விளிம்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். வட்டு தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது, சீக்கிரம் காய்கிறது. நீண்ட இறக்கத்தில் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்குமோ என்ற பயம் இல்லை. விளிம்பு தேயாது, வட்டு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். டயருக்கு மேலே கவ்வி இல்லாததால் 30, 32 மில்லிமீட்டர் டயர் தாராளமாக நுழையும், என்னைக் கேட்டால் மிகப் பெரிய லாபம் இதுதான். ‘பாதித் தூரத்தில் நின்றுவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலர்ந்த சாலையில் எவ்வளவு சீக்கிரம் நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது டயரின் பிடிமானமும், குப்புற விழாமல் இருப்பதும். நல்ல ரிம் பிரேக்கும் அந்த எல்லையைத் தொடும். டிஸ்க்கில் கிடைப்பது விரல் நுனிக் கட்டுப்பாடு.

கெட்டதும் அதே இடமாற்றத்தின் விளைவுதான். தடுக்கும் விசை ஹப்பில் தொடங்கி ஸ்போக் வழியாக டயருக்குப் போகிறது, ஆகவே ஸ்போக்குகள் நேராக நில்லாமல் குறுக்கே பின்ன வேண்டும், முன் ஃபோர்க்கின் இடப்பக்கம் பலமாக வேண்டும், சக்கரத்தைப் பிடிக்க 12 மில்லிமீட்டர் தடித்த அச்சு வேண்டும். எல்லாம் சேர்ந்து சில நூறு கிராம் எடை கூடும். வட்டுக்கும் அதைக் கவ்வும் பேடுக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி, வட்டு கொஞ்சம் கோணினாலும் ‘சிங் சிங்’ என்று உரசிக்கொண்டே வரும். சங்கிலிக்குத் தெளிக்கும் எண்ணெய் பேடில் பட்டால் கத்தும், பிடிக்காது, பெரும்பாலும் பேடையே மாற்ற வேண்டியதுதான். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது லீவரை அழுத்திவிட்டால் பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும், பக்குவமாக உள்ளே தள்ளும்வரை சக்கரம் ஏறாது. ஹைட்ராலிக் பிரேக்கில் ஊற்றும் எண்ணெயும் இரண்டு சாதி: மினரல் ஆயில், டாட் (DOT) என்ற பிரேக் திரவம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுவிடும்.

பழைய ரிம் பிரேக் சைக்கிளில் டிஸ்க் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கவ்வியைப் பூட்ட ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருக்காது, ஹப்பில் வட்டு பூட்ட வழி இருக்காது. மழையில் ஓட்டாதவர், ரிம் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது என்றால், நல்ல கட்டை ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.